இருபது வருடத்துக்கு மேல் நின்ற லாரி: டயர் ரிம்மை விட்டு வர மறுக்கிறது, என்ன செய்யலாம்?

பழையவண்டி (#1)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய லாரி இருபத்திரண்டு வருடமாகக் கொட்டகையிலேயே நின்றது. அதை மறுபடி ஓட வைக்கும் வேலையில் இருக்கிறேன். என்ஜின் சுற்றுகிறது, பிரேக் வேலை பாதி முடிந்தது. சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

டயர் 9.00-20 அளவு, அதாவது 20 அங்குல ரிம்முக்கானது, டியூப் போட்டது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு. ரிம் மூன்று துண்டாகப் பிரியும் வகை என்று நினைக்கிறேன்: ரிம், அதன் மேல் பக்க வளையம், அதைப் பிடித்து நிற்கும் வெட்டுள்ள லாக் ரிங். இரண்டில் மட்டும் கொஞ்சம் காற்று இருக்கிறது, மற்றதெல்லாம் தரையோடு தரை.

மூன்று நாளாகச் சம்மட்டியால் அடிக்கிறேன். ரப்பர் குழிந்து மறுபடி எழும்புகிறதே தவிர, டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நகரவில்லை. துருவில் லாக் ரிங் எங்கே முடிகிறது, ரிம் எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. டயர் போனால் போகட்டும், எல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. குறைந்தது ஆறு ரிம்மாவது உயிரோடு வேண்டும்.

கேஸ் வைத்துச் சூடு காட்டினால் கழன்று வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நாளைக்கு அதைச் செய்து பார்க்கலாமா?

டயர்க்காரர் (#2)

வேண்டாம் தம்பி. மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அந்த கேஸ் சிலிண்டரைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

முப்பத்தொரு வருடம் பெரிய வண்டி டயர் வேலை பார்த்தவன் நான். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் நெருப்பு வைக்கக் கூடாது. காற்று இறங்கியிருந்தாலும் கூடாது, வால்வு ஊசியைக் கழற்றியிருந்தாலும் கூடாது. ரிம்மில் ஒரு சின்ன வெல்டிங் பொட்டு வைப்பதற்கும் இதே விதிதான். அமெரிக்காவில் பெரிய வண்டிச் சக்கர வேலைக்கென்று 1980இல் வந்த 1910.177 என்ற பாதுகாப்பு விதியிலும் இது உண்டு. பல துண்டு ரிம்மில் எந்தப் பகுதிக்கும் சூடு காட்டக் கூடாது, விரிசல் கண்ட பாகத்தை வெல்டிங் வைத்தோ பித்தளை பற்றவைத்தோ சரிசெய்து மறுபடி போடக் கூடாது.

அடுத்தது அந்தக் காற்று இருக்கும் இரண்டு சக்கரம். அவற்றில் சம்மட்டி பட்டதா? பட்டிருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். இனிமேல் தொடாதீர்கள். எல்லாச் சக்கரத்திலும் வால்வு ஊசியைக் கழற்றுங்கள், தரையோடு கிடப்பதிலும்தான். கழற்றியபின் மெல்லிய கம்பியை வால்வுத் தண்டுக்குள் விட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் மண்ணும் துருவும் குளவிக் கூடும் வால்வை அடைத்திருக்கும். ஊசி கையில் வந்துவிடும், உள்ளே காற்று அப்படியே இருக்கும். கம்பி தடையில்லாமல் போய்வந்தால்தான் நம்பலாம்.

அப்புறம் ரிம்மின் வெளிப் பக்கத்தைத் துடைத்துவிட்டு ஒரு படம் போடுங்கள். மூன்று துண்டு என்று "நினைப்பது" போதாது, தெரிந்தாக வேண்டும்.

வயல்வரப்பு (#3)

டிராக்டர் இருந்தால் வேலை சுலபம். சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம்முக்குப் பக்கத்தில் டயர் மேல் ஒரு கனமான பலகையைச் சாய்த்து, பலகை மேல் டிராக்டரின் பின் சக்கரத்தை ஏற்றுவேன். டிரெய்லர் டயர் எல்லாம் இப்படித்தான் விட்டுக்கொடுக்கும்.

டயர்க்காரர் (#4)

16 அங்குல ரிம்முக்கு அது சரி, நானும் செய்திருக்கிறேன். 20 அங்குலத்தில் இருபது வருடத் துருவுக்கு நடக்காது. பலகை வழுக்கினால் எகிறும், பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. ரிம்மின் வளையத்தின் மேலேயே சக்கரம் ஏறினால் வளையம் கோணிவிடும். கோணிய லாக் ரிங்கை நேராக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

பழையவண்டி (#5)

கேஸ் வேலையைக் கைவிட்டுவிட்டேன் ஐயா. நீங்கள் சொன்னபடி ஊசி எல்லாம் எடுத்தேன். காற்று இருந்த இரண்டிலும் இறங்கியது. தரையோடு கிடந்த ஒன்றில் கம்பி விட்டதும் "புஸ்" என்று கொஞ்சம் காற்று வந்தது, காலியென்று நினைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்த சக்கரம்தான் அது. கை நடுங்கிவிட்டது.

படம் இணைத்திருக்கிறேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததில் வளையத்தின் வெட்டு தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் கம்பி நுழைக்க ஒரு குழியும் இருக்கிறது.

ஒன்று புரியவில்லை. காற்றே இல்லாத டயரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? ரப்பர் எரியும், அவ்வளவுதானே?

வேதியியல்வாத்தியார் (#6)

இதை நான் சொல்கிறேன், பள்ளியில் வேதியியல் நடத்துபவன்.

ரிம்மை வெளியிலிருந்து சூடாக்கும்போது, அதன் மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் ரப்பருக்கும் அந்தச் சூடு போகிறது. அங்கே எரிய ஆக்சிஜன் போதாது. அதனால் ரப்பர் எரியாமல் சிதைகிறது. சிதையும்போது எரியக்கூடிய வாயுக்களைக் கக்குகிறது. டயர் ஒரு மூடிய பாத்திரம் மாதிரி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றோடு அந்த வாயு கலக்கிறது. கலவை ஒரு அளவுக்கு வந்து, எங்கோ ஓர் இடம் போதிய சூட்டில் இருந்தால், உள்ளேயே பற்றிக்கொள்ளும். மெதுவாக ஊதி வெடிக்கும் விஷயமே இல்லை, ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். வால்வுத் துளை சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு வேகமாக எழும் அழுத்தத்தை அது வெளியே விட்டுத் தீர்க்காது.

இன்னொரு ஆபத்து, நெருப்பை எடுத்த பிறகும் உள்ளே சிதைவு தொடரலாம். சூடு காட்டி ஒன்றும் ஆகவில்லை என்று பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பவர்தான் அடிபடுகிறார்.

வெல்டிங்கார் (#7)

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நான் பத்துப் பன்னிரண்டு ரிம்மாவது சூடு காட்டிக் கழற்றியிருக்கிறேன். முதலில் டயரில் பெரிய ஓட்டை போட்டுவிடுவேன், உள்ளே வாயு சேர வழியில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், பயமுறுத்தும் அளவுக்கு ஒன்றும் நடந்ததில்லை.

டயர்க்காரர் (#8)

உங்கள் தொழிலை மதிக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்.

ஒரு பட்டறையில் ரிம்மின் மைய டிஸ்க்கில் விரிசலுக்கு வெல்டிங் வைத்தார்கள். டயர் மாட்டியே இருந்தது, காற்று இறக்கியாகிவிட்டது. அந்த வெல்டருக்கும் பத்து வருட அனுபவம். சத்தம் கேட்டு நான் ஓடியபோது லாக் ரிங் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே நின்றது. அவர் பிழைத்தார். இடது கை பிழைக்கவில்லை. "பத்துத் தடவை ஒன்றும் ஆகவில்லை" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தவர்தான்.

டயரை அறுத்து முழுக்கத் திறந்துவிட்டால் வெடிக்கும் ஆபத்து குறையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறமும் சூடு தேவைப்படாது. தேவையில்லாத ஒன்றுக்காக ரிம்மின் பதத்தைக் கெடுப்பானேன்? லாக் ரிங் ஸ்பிரிங் மாதிரி விரிந்து சுருங்கும் பாகம். சிவக்கக் காய்ச்சினால் அதன் இறுக்கம் போய்விடும், பார்க்க நன்றாகவே இருக்கும், காற்றடிக்கும்போதுதான் தெரியும்.

வெல்டிங்கார் (#9)

லாக் ரிங் பதம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசித்ததில்லை. நான் கழற்றியவை பெரும்பாலும் உடைப்புக்குப் போன வண்டிகள், ரிம் மறுபடி ஓடவில்லை. ஓடப்போகும் ரிம்முக்கு நான் சொன்ன வழியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டயர்க்காரர் (#10)

நன்றி, பெரிய மனது.

சரி, பழையவண்டி தம்பியின் படத்தைப் பார்த்தேன். மூன்று துண்டு வகைதான், வெட்டும் குழியும் தெளிவாகத் தெரிகிறது. இந்த இழையைப் பிறகு படிக்கப்போகிறவர்களுக்காக ரிம் வகைகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வகை தெரியாமல் கை வைப்பதால்தான் பாதி விபத்து.

ஒரே துண்டு ரிம் என்றால் சுற்றி எங்கும் வெட்டோ இணைப்போ தெரியாது. ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கும். ஒரு பக்க விளிம்பை அந்தப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப் பக்கம் ரிம்மைத் தாண்டி வெளியே வரும். 22.5 அங்குல டியூப்லெஸ் இப்படித்தான்.

உங்களுடையது போன்ற 20 அங்குலத்தில் நடுப் பள்ளம் கிடையாது, ரிம் தட்டையான உருளை. அதனால்தான் ஒரு பக்கத்தையே கழற்றும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு துண்டு வகையில் பக்க வளையமும் பூட்டும் ஒன்றே, அந்த வளையத்திலேயே வெட்டு இருக்கும். சிறிய லாரிகளில் 7.50-16க்கு இது அதிகம்.

டயருக்கு அடியில், நடுவிலேயே இரண்டு பாதியாகப் பிரியும் பழைய வகை ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே துண்டு மாதிரி ஏமாற்றும், இணைப்புக் கோடு டயருக்குள் ஒளிந்திருக்கும். நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. அது வந்தால் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கள், மறுபடி காற்றடிக்க நினைக்காதீர்கள்.

கடைசியாக, போல்ட் போட்டு இரண்டு பாதியைச் சேர்த்த வகை, பழைய ராணுவ வண்டிகளில் பார்க்கலாம். இதில் இரண்டு வரிசை நட்டு இருக்கும். ஒரு வரிசை சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும், இன்னொரு வரிசை ரிம்மின் இரண்டு பாதியைப் பிடிக்கும். காற்று உள்ளே இருக்கும்போது இரண்டாவது வரிசையைத் தளர்த்தினால் கடைசி இரண்டு மூன்று நட்டு மிச்சமிருக்கையிலேயே பாதி ரிம் ஆளின் மேல் பாயும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே காற்றை முழுக்க இறக்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பின்பக்க இரட்டைச் சக்கரமானால் இரண்டிலும்.

நெடுஞ்சாலை77 (#11)

ஐயா, காற்றின் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10.00-20 டயரின் வெளி விட்டம் சுமார் 41 அங்குலம், ரிம் 20. நடுவில் வரும் வளையப் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் என்றால் ஒரு பக்கச் சுவரின் மேல் மொத்தம் ஒரு லட்சம் பவுண்டு, அதாவது 45 டன். அதில் கணிசமான பங்கு டயரின் விளிம்பு வழியாக அந்த வளையத்தின் மேல்தான் விழும்.

நான் இதுவரை லாக் ரிங் பக்கத்தில் உட்கார்ந்தே காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் இல்லை.

பழையவண்டி (#12)

அப்படியானால் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? என் அப்பா காலத்தில் இதே சக்கரத்தை இரண்டு கம்பி வைத்து அரை மணி நேரத்தில் கழற்றுவார், நானே பார்த்திருக்கிறேன்.

வேதியியல்வாத்தியார் (#13)

ஓடும் வண்டியில் வருடத்துக்கு ஒரு தடவையாவது டயர் கழன்று மாட்டும், துருவுக்கு நேரம் கிடைக்காது. நின்ற வண்டியில் விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஈரம் நுழைகிறது, வெயிலும் காற்றும் அங்கே போகாததால் காய்வதே இல்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். இடமில்லாத இடத்தில் வளர்வதால் ரப்பரை நெருக்கித் தள்ளுகிறது. ரப்பரும் வருடக் கணக்கில் இறுகிக் கல்லாகிறது, துருவின் சொரசொரப்புக்குள் அச்சு வார்த்த மாதிரி படிந்துவிடுகிறது.

இதற்கு மேல் அமைப்பே இறுக்கமானது. 20 அங்குல ரிம்மில் விளிம்பு உட்காரும் இடம் 5 டிகிரி சரிவு, 22.5 டியூப்லெஸ்ஸில் 15 டிகிரி. ஆப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு இறுக்கம் என்பது மரம் பிளந்தவர்களுக்குத் தெரியும்.

டயர்க்காரர் (#14)

அதனால்தான் ஒரே இடத்தில் அடித்துப் பிரயோஜனம் இல்லை. தம்பி, இப்படிச் செய்து பாருங்கள்.

லாக் ரிங் பக்கம் மேலே இருக்கும்படி சக்கரத்தைப் படுக்க வையுங்கள். ரிம்மின் மையத்துக்கு அடியில் மட்டும் கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் தொங்கட்டும். வளையத்தைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, லாக் ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் இருக்கும் துருவை மெல்லிய உளியால் கீறி எடுங்கள். இதற்கே ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். பள்ளம் சுத்தமாகாமல் லாக் ரிங் வராது.

பிறகு துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். கடையில் விற்பதும் சரி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் கலந்ததும் சரி. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். காலை மாலை ஊற்றி, ஊற்றிய ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். நான்கு நாளாவது விடுங்கள்.

இந்த எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். உங்கள் டயர் குப்பைக்குப் போவதால்தான் சொல்கிறேன். டயரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயல்வரப்பு (#15)

கொதிக்கிற சோப்புத் தண்ணீர் ஊற்றலாமா? டிராக்டர் டயருக்கு நான் அப்படித்தான் செய்வேன், ரப்பர் இளகும். அதுவும் சூடு கணக்கில் வருமா?

வேதியியல்வாத்தியார் (#16)

வராது, தாராளமாக ஊற்றலாம். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. ரப்பர் சிதையும் வெப்பம் அதைவிட மிகவும் அதிகம். ஊசி எடுத்த டயரை நாள் முழுக்க வெயிலில் போட்டு வைத்துச் சாயங்காலம் வேலையைத் தொடங்கினால் கூடுதல் பலன். காலையில் ஈரத் துரு ஒட்டும், ரப்பரும் விறைத்திருக்கும். அசிட்டோன் கலந்து பயன்படுத்துகிறவர்களும் உண்டு, நன்றாகவே ஊடுருவும். ஆனால் ஆவி சட்டென்று பற்றும், மூடிய கொட்டகைக்கு ஏற்றதல்ல.

பழையவண்டி (#17)

ஐந்தாம் நாள். எண்ணெய் பத்துத் தடவை ஊற்றிவிட்டேன். லாக் ரிங் பள்ளம் இரண்டு சக்கரத்தில் சுத்தம். ஆனால் டயர் விளிம்பு இன்னும் கீழே இறங்கவில்லை. அது இறங்கிப் பக்க வளையம் கொஞ்சம் தாழ்ந்தால்தானே லாக் ரிங்கை வெளியே எடுக்க முடியும்?

ஒரு யோசனை. டயரைப் பக்கச் சுவரோடு அறுத்து எறிந்துவிட்டு வெறும் விளிம்பை மட்டும் கழற்றினால் சுலபமாக இருக்காதா?

நெடுஞ்சாலை77 (#18)

நான் இதைச் செய்து பட்டவன். தயவுசெய்து அறுக்காதீர்கள். பக்கச் சுவர் இருக்கும்வரைதான் அழுத்துவதற்கு ஒரு பிடி இருக்கும். அறுத்துவிட்டால் மிஞ்சுவது எஃகுக் கம்பிக் கட்டோடு ரிம்மில் இறுகிய ஒரு வளையம். கம்பி நுழைக்க இடமில்லை, தள்ளப் பிடியில்லை. அந்த ஒரு வளையத்தோடு இரண்டு நாள் போராடினேன். கடைசியில் எஃகுக் கட்டையே வெட்ட வேண்டி வந்தது. விளிம்பை இளக்கிய பிறகு அறுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டயர்க்காரர் (#19)

சரியாகச் சொன்னீர்கள்.

தம்பி, இனி ஜாக்கிதான். உங்கள் லாரியையே எடையாகப் பயன்படுத்துங்கள். சக்கரத்தை லாரியின் சேஸ்ஸுக்கு அடியில் தள்ளுங்கள். பக்க வளையத்தை ஒட்டி டயரின் மேல் ஒரு கனமான இரும்புத் துண்டை வையுங்கள், உள்ளங்கை அகலம், முனை மழுங்கியிருக்க வேண்டும். அதன் மேல் பாட்டில் ஜாக்கி, ஜாக்கியின் தலைக்கும் சேஸ்ஸுக்கும் நடுவில் மரத்துண்டு. ஜாக்கி எகிறினால் பறக்காமல் இருக்க ஒரு சங்கிலியால் சேஸ்ஸோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள். லாரி நகராமல் கட்டை கொடுங்கள். வண்டிக்கு அடியில் ஆள் போகக் கூடாது, பக்கவாட்டில் இருந்தபடி கைப்பிடியை இயக்குங்கள்.

மெல்ல ஏற்றி, டயர் நன்றாக அழுந்தியதும் நிறுத்துங்கள். அழுத்தம் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சுத்தியலால் ரப்பரில் தட்டுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். இறங்கவில்லையா, ஜாக்கியை இறக்கிச் சக்கரத்தை ஒரு சாண் திருப்பி அடுத்த இடம். ஒரு முழுச் சுற்று வந்த பிறகும் இறங்காவிட்டால் இன்னொரு சுற்று. முதல் இடத்திலேயே பிடிவாதமாக அழுத்தினால் இரும்பு ரப்பரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், விளிம்பு அப்படியே நிற்கும்.

எங்கேயோ ஓர் இடத்தில் "டக்" என்று சத்தம் வரும். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

பழையவண்டி (#20)

வந்துவிட்டது!

இரண்டாவது சுற்றில், நேற்றுச் சாயங்காலம். சத்தம் கேட்டதும் பயந்து பின்னால் குதித்தேன், பிறகு பார்த்தால் விளிம்பு அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. இடைவெளிக்குள் மாவு மாதிரி சிவப்புத் துரு. அதற்கப்புறம் ஜாக்கியே வேண்டியிருக்கவில்லை, டயர் லீவரால் மிதித்தே பாதிச் சுற்று இறங்கியது.

லாக் ரிங்கை எடுக்கும்போது ஒரு லீவரைக் குழியில் விட்டு நெம்பி, இன்னொன்றை அடுத்து நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தேன். கடைசிப் பகுதி துள்ளிக்கொண்டுதான் வந்தது. முகத்தைத் தள்ளி வைத்திருந்தேன்.

இப்போது லாக் ரிங்கும் பக்க வளையமும் தனியாக இருக்கின்றன. கீழ்ப் பக்கம் மட்டும் ரிம்மோடு ஒட்டியிருக்கிறது.

டயர்க்காரர் (#21)

நல்லது. இனி டயரை ரிம்மிலிருந்து தள்ளாதீர்கள், ரிம்மை டயரிலிருந்து தள்ளுங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட வேண்டாம், கழற்றிய பக்கம் மேலேயே இருக்கட்டும். டயரின் பக்கச் சுவரை நான்கு தடித்த கட்டைகளின் மேல் உட்கார வையுங்கள், நடுவில் ரிம் இறங்க இடம் வேண்டும். பிறகு அதே ஜாக்கி, அதே சேஸ். இந்தத் தடவை அழுத்துவது மைய டிஸ்க்கின் மேல், குறுக்கே ஒரு கனமான இரும்புச் சட்டம் வைத்து. ரிம் கீழே நழுவும். இன்னும் ஒட்டியிருக்கும் கீழ் விளிம்பில் முதலில் எண்ணெய் ஊற்ற மறக்க வேண்டாம்.

வால்வுத் தண்டை அதன் துளையிலிருந்து உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் டியூப் ரிம்மைப் பிடித்து இழுக்கும். டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் அறுத்தாலும் பரவாயில்லை.

பழையவண்டி (#22)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஏழில் ஆறு கழன்றுவிட்டது. மூன்றாவது சக்கரத்துக்கு மேல் கை பழகி, ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது.

ஏழாவது, பின்பக்க உள் சக்கரம், எதற்கும் அசையவில்லை. எண்ணெய், கொதிநீர், ஜாக்கி எல்லாம் மூன்று சுற்று ஆகிவிட்டது.

நெடுஞ்சாலை77 (#23)

இதற்குத்தான் அறுப்பது. நைலான் டயர்தானே? பக்கச் சுவரைக் கூரான கத்தியால் சோப்புத் தண்ணீர் விட்டுவிட்டு அறுக்கலாம், உலர்ந்த ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொள்ளும். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போகட்டும். எஃகு ரேடியல் என்றால் கத்தி நடக்காது, முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம் வேண்டும்.

விளிம்பில் உள்ள எஃகுக் கட்டை வெட்டும்போது அடியில் ஒரு மர ஆப்பை அடித்து ரிம்மிலிருந்து சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். வெட்டு ஆப்பில் விழட்டும், ரிம்மில் விழ வேண்டாம். கிரைண்டர் பொறி எண்ணெய் ஊறிய ரப்பரில் விழுந்தால் பற்றும். ஆக்ஸா பிளேடு நேரம் எடுக்கும், ஆனாலும் நான் அதைத்தான் எடுப்பேன். கட்டு அறுந்ததும் கம்பி முனை விரியும், கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பழையவண்டி (#24)

அறுத்தேன். ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. உள் பக்கத்தில் ரிம்மே துருவில் பாளம் பாளமாக உரிந்து, அந்தப் பாளங்களுக்கு நடுவில் ரப்பர் புகுந்திருந்தது. விளிம்பு உட்காரும் இடத்தில் நகம் முழுக்க உள்ளே போகும் அளவுக்குக் குழிகள். பிரஷ் போட்டதும் லாக் ரிங் பள்ளத்தின் மூலையில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது, விரல் நீளம்.

அப்பா முப்பது வருடம் ஓட்டிய சக்கரம். வெல்டிங் வைத்து ஸ்டெப்னிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று மனது கேட்கிறது.

வெல்டிங்கார் (#25)

வெல்டிங் என் தொழில், நான் சொல்கிறேன், வைக்க வேண்டாம். பள்ளத்தின் மூலையில் கோடு என்றால் அங்கேதான் முழு பலமும் விழுகிறது. என் வெல்டிங் அழகாக நிற்கும், பக்கத்து இரும்பு பிளக்கும். ஸ்டெப்னி என்றாலும் அதில் முழுக் காற்றுதானே அடைக்கப்போகிறீர்கள்? யாரும் எடுத்து மாட்டாதபடி குறுக்கே அறுத்துவிட்டுப் போடுங்கள்.

டயர்க்காரர் (#26)

அவர் சொன்னதே என் வார்த்தையும்.

மற்ற ஆறையும் அதே கண்ணோடு பாருங்கள். ரிம், பக்க வளையம், லாக் ரிங் மூன்றிலும் அச்சடித்த அளவும் வகையும் இருக்கும், அவை பொருந்த வேண்டும். ஒரு சக்கரத்தின் வளையத்தை இன்னொன்றில் மாற்றிவிடாமல் இப்போதே கம்பியில் கோத்துக் கட்டி வையுங்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு வளையம் ஒன்றோடொன்று சேராது. சேர்ந்த மாதிரி உட்காரும், காற்று ஏறியதும் எகிறும்.

துரு எடுக்க மணல் வீச்சு நல்லது. பிறகு பிரைமர் மெல்லிசாக ஒரு பூச்சு. பள்ளத்திலும் சரிவிலும் பெயிண்டைத் தடிமனாக அப்ப வேண்டாம், வளையம் முழுக்க உட்காராது.

காற்றடிப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கூண்டுக்கு வெளியே விளிம்பு உட்காரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று, நின்று நிதானமாக வளையம் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று பார்த்து, கூண்டுக்குள் தள்ளி, காற்றுக் குழாயின் கவ்விப் பிடிக்கும் வாயை வால்வில் மாட்டி, நீளக் குழாயில் தள்ளி நின்றுதான் மிச்சம். வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காற்றோடு சுத்தியலால் தட்டிச் சரிசெய்பவரைப் பார்த்தால் சக்கரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை77 (#27)

ஒன்று குறைகிறதே, அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே துண்டு ரிம்முக்கு மாற்றிவிடலாமே? 9.00-20க்கு ஈடாக 10 ஆர் 22.5 டியூப்லெஸ் போடுவார்கள், உயரம் ஏறக்குறைய அதேதான். ஹப்பின் நட்டு அமைப்பும் ரிம்மின் உள்வாங்கலும் ஒத்துப்போக வேண்டும், பின் இரட்டைச் சக்கரத்தின் நடு இடைவெளியையும் அளந்து பார்க்க வேண்டும்.

பழையவண்டி (#28)

யோசித்தேன். லாரி பழைய முகத்தோடே நிற்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு அப்பாவின் ரிம்களோடு போகிறேன். ஏழாவதைக் குறுக்கே அறுத்துவிட்டேன். அதே அச்சு எண்ணுள்ள ஒரு ரிம் வளையங்களோடு கிடைத்தது, அதில் டயர் இல்லை, துருவும் மேலோட்டம்தான்.

கழற்றிய டயர் ஒன்றில் தயாரிப்பு எண் மூன்று இலக்கமாக இருக்கிறது, மற்றவற்றில் நான்கு. இதில் ஏதாவது பொருள் உண்டா?

டயர்க்காரர் (#29)

உண்டு. வாரமும் வருடமும்தான் அது. மூன்று இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது, அதன் பிறகுதான் நான்கு இலக்கம் வந்தது. அதில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் கடைசி இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். உங்கள் அப்பா கடைசியாக மாட்டிய டயர் எது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பழையவண்டி (#30)

பார்த்தேன் ஐயா. முன் இடது பக்கத்து டயர்தான் கடைசி, அந்த வருடத்தின் ஆறாவது வாரம். மாட்டி அதிக நாள் ஓடவில்லை, பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. அந்த ஒரு டயரை மட்டும் குப்பைக்கு அனுப்பாமல் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு ரிம்கள் மணல் வீச்சுக்குப் போகின்றன. பிரைமர் அடித்ததும் படம் போடுகிறேன்.